உமே பூக்கும் காலத்தில் ஜப்பானிய உலாத் தோட்டத்தைப் பார்ப்பது எப்படி

ஜப்பானுக்குப் போய்வர வாய்ப்புக் கிடைக்கும் நம் ஊரவர்கள், அங்கே படிக்கும் மகனையோ வேலை செய்யும் மகளையோ பார்க்கப் போகும் பெற்றோராக இருந்தாலும் சரி, பயிற்சிக்காகச் செல்லும் அலுவலராக இருந்தாலும் சரி, முதலில் விசாரிப்பது சக்குரா எனப்படும் செர்ரிப் பூ எப்போது பூக்கும் என்பதைத்தான். அதில் பிழையொன்றுமில்லை. ஆனால், அந்த நாட்டின் பழைய உலாத் தோட்டம் ஒன்றை அதன் அமைப்பு விளங்கும்படி பார்க்க விரும்புகிறவர்கள், சக்குராவுக்கு மூன்று நான்கு கிழமை முன்பே, உமே மரம் பூக்கும் நாட்களில், போய்ச் சேர்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த நாட்களில் பெரும்பாலான மரங்கள் இன்னும் இலை விட்டிருக்கமாட்டா. குளக்கரையின் வளைவும், கற்கள் அடுக்கப்பட்ட முறையும், குன்றின் சரிவும், எந்த மரத்தை எதற்காக எங்கே நட்டார்கள் என்பதும் மறைப்பின்றித் தெரியும். கோடையில் அடர்ந்த பச்சைக்குள் ஒளிந்துகொள்ளும் தோட்டக்காரனின் எண்ணத்தைப் பெப்ரவரி இறுதியிலும் மார்ச் முற்பகுதியிலும் நேரடியாகக் கண்ணால் பார்க்கலாம். கூட்டமும் குறைவு.

உலாத் தோட்டம் என்பது ஓரிடத்தில் அமர்ந்து பார்ப்பதற்காக அமைக்கப்பட்டதன்று; நடுவில் ஒரு குளத்தை வைத்து, அதைச் சுற்றி நடந்துகொண்டே பார்ப்பதற்காக அமைக்கப்பட்டது. 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், மாகாணங்களை ஆண்ட பிரபுக்கள் ஆண்டு மாறி ஆண்டு தலைநகரான எடோவில் வந்து தங்கவேண்டும் என்று சோகன் எனப்பட்ட படைத்தலைவரின் ஆட்சி கட்டாயப்படுத்தியிருந்தது. அப்படித் தங்குவதற்காக அவர்கள் கட்டிய மாளிகைகளைச் சுற்றியும், தங்கள் சொந்த ஊர்க் கோட்டைகளின் அருகிலும் இத்தகைய தோட்டங்கள் எழுந்தன. குளம் தோண்டிய மண்ணைக் குவித்துக் குன்று செய்தார்கள். ஜப்பானிலும் சீனாவிலும் புகழ்பெற்ற இடங்களைச் சிறிய அளவில் வடித்து, நடப்பவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி வைத்தார்கள். அன்றைய எடோதான் இன்றைய டோக்கியோ என்பதால், நகரின் நடுவிலேயே இந்தத் தோட்டங்கள் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன.

எப்போது போவது

நம் கணக்கில் மாசியும் பங்குனியின் முற்பகுதியும் இதற்கு உகந்த காலம். மகா சிவராத்திரியைக் கோணேசர் கோயிலில் முடித்துக்கொண்டு புறப்பட்டால், சித்திரைப் புத்தாண்டுக்கு ஆறுதலாக வீடு திரும்பிவிடலாம். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஜப்பான் விசா தேவை. அதற்கான அழைப்புக் கடிதம், வங்கிக் கூற்று முதலியவற்றைச் சேர்க்க நாள் பிடிக்கும் என்பதால், தைப்பொங்கலுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கொழும்பிலிருந்து டோக்கியோவுக்கான நரிட்டா விமான நிலையத்துக்கு நேரடி விமானம் உண்டு. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா வரையிலான தரைப்பயணமும் சேர்ந்தால் உடம்பு களைத்துவிடும். அங்கே நேரமும் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே போய் இறங்கிய அன்றே தோட்டம் பார்க்கப் புறப்பட வேண்டாம். களைத்த கண்ணுக்கு இந்தத் தோட்டங்கள் வெறும் குளமும் கல்லுமாகத்தான் தெரியும்.

முன்வசந்தத்தில் பூக்கள் ஒரு வரிசைப்படி வரும். பெப்ரவரியில் கமேலியாவும் உமேயும் தொடங்கும். உமே என்பது பிளம்ஸ், அப்ரிகொட் மரங்களுக்கு நெருங்கிய இனம். டோக்கியோ வட்டாரத்தில் அது பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முதற் பாதி வரை நன்றாகப் பூத்திருக்கும். மார்ச்சில் இலை விடுவதற்கு முன்பே மஞ்சள் நிறத்தில் பூக்கும் சன்ஷுயு மரமும், அதன்பின் மக்னோலியாவும் வரும். மார்ச்சின் கடைசி நாட்களில்தான் சக்குரா. ஒவ்வோர் ஆண்டும் குளிர் கூடிக் குறைவதைப் பொறுத்து இது ஒரு கிழமை முன்பின் ஆகலாம் என்பதால், நாளைக் குறிக்கும்போது நடுவில் இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பது புத்தி.

எந்தத் தோட்டம்

உமேக்காகவே போகிறவர்கள் டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள மிட்டோ நகரின் கைராக்குயென் தோட்டத்தைத் தவறவிடக்கூடாது. மிட்டோவின் ஒன்பதாவது பிரபுவான டொக்குகாவா நரியாக்கி 1842 இல் அமைத்த தோட்டம் இது. மற்றப் பிரபுக்கள் தோட்டத்தைத் தமக்கும் தம் விருந்தினருக்கும் மட்டும் வைத்திருந்த காலத்தில், குடிமக்களும் வந்து மகிழவேண்டும் என்ற எண்ணத்தோடு இதைத் திறந்தார் என்பது அவருக்குரிய பெருமை. ஏறத்தாழ 100 வகைகளைச் சேர்ந்த 3,000 உமே மரங்கள் இங்கே நிற்கின்றன. முந்திப் பூப்பவை, நடுவில் பூப்பவை, பிந்திப் பூப்பவை என்று கலந்து நடப்பட்டிருப்பதால், ஒரு மாதத்துக்கு மேல் ஏதாவது ஒரு பகுதி பூத்துக்கொண்டேயிருக்கும். டோக்கியோவின் உவெனோ நிலையத்திலிருந்து ஜோபன் பாதையின் விரைவுப் புகையிரதத்தில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணித்தியாலத்தில் மிட்டோ. பூவிழாக் காலத்தின் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் தோட்டத்தின் அருகிலேயே ஒரு தற்காலிக நிலையத்தில் வண்டி நிற்கும்; ஆனால் மிட்டோவை நோக்கிப் போகும் வண்டிகள் மட்டுமே அங்கே நிற்பதால், திரும்பும்போது மிட்டோ நிலையத்துக்குப் பேருந்தில் போய்த்தான் ஏறவேண்டும்.

அங்கே பலரும் உமேத் தோப்புக்கு அருகிலுள்ள வாயிலால் நுழைந்து, பூக்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அது நரியாக்கி விரும்பிய வழியன்று. பழைய முன்வாயிலால் நுழையுங்கள். முதலில் உயர்ந்த மூங்கில் தோப்பும் தேவதாருவைப் போன்ற சுகி மரங்களும் சூழ்ந்த, வெயில் அதிகம் இறங்காத பாதை வரும். அங்கே ஊற்றுநீர் வெள்ளைப் பளிங்குக் கல்லின் நடுவிலிருந்து பொங்கி வழிவதைக் காணலாம். அதன்பின் கொபுந்தெய் என்ற மூன்று மாடி மரமாளிகை. 1945 இன் விமானக் குண்டுவீச்சில் எரிந்து, 1958 இல் மீண்டும் கட்டப்பட்ட அதன் மேல்மாடியில் நின்றால் செம்பா ஏரி வரை தெரியும். இத்தனையும் கடந்த பிறகே வெளிச்சம் நிறைந்த உமேத் தோப்பு. இருளும் அமைதியும் முதலில், பூவும் வெயிலும் பிறகு என்ற இந்த ஒழுங்கை மாற்றிவிட்டால் தோட்டத்தின் பாதியை இழந்துவிடுவீர்கள்.

குளிரைத் தாங்கக்கூடியவர்களுக்குக் கனசாவா நகரின் கென்ரொக்குயென். 2015 முதல் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்னும் அதிவேகப் புகையிரதம் நேரே போகிறது. இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அந்நகர் இருக்கும், நாட்டின் மேற்குப் பக்கத்து ஜப்பான் கடல் கரையின் ஈரப்பனி பாரமானது, கிளைகளை முறித்துவிடும். ஆகவே நவம்பர் தொடக்கத்திலிருந்து தோட்டக்காரர்கள் பைன் மரங்களின் நடுவே உயர்ந்த கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து வைக்கோற் கயிறுகளைக் குடைக்கம்பிகளாக விரித்து ஒவ்வொரு கிளையையும் தாங்கிக் கட்டுகிறார்கள். மார்ச் நடுப்பகுதியில் அவற்றை அவிழ்க்கத் தொடங்குவார்கள். கயிறு கட்டிய மரமும் பூத்த உமேயும் ஒரே பார்வையில் கிடைப்பது அதற்கு முந்திய சில நாட்களில் மட்டுமே. கசுமி என்ற குளத்தின் கரையில் ஒரு கால் நீரிலும் மறு கால் நிலத்திலுமாக நிற்கும் கல்விளக்கும் இங்கேதான். சிக்கோக்கு தீவின் ரிட்சுரின் தோட்டமும், ஓக்காயாமாவின் கோராக்குயென் தோட்டமும் சிறந்தவையே. ஓக்காயாமாவின் பெருமையான புற்றரைகள் அந்த மாதங்களில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் என்பதை மட்டும் அறிந்துகொண்டு போங்கள். கியோட்டோவின் கட்சுரா அரச மாளிகைத் தோட்டம் இவையெல்லாவற்றிலும் நுட்பமானது என்று சொல்லப்படுவது. அதைப் பார்க்க அரச இல்லத் திணைக்களத்திடம் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வழிகாட்டியோடுதான் உள்ளே போகவேண்டும்.

ஒரே ஒரு தோட்டத்துக்குத்தான் நேரம் உண்டு, அதுவும் டோக்கியோவுக்குள் என்றால், நான் கொயிஷிகாவா கோராக்குயென் தோட்டத்தையே சொல்வேன். கைராக்குயென் அமைத்த அதே மிட்டோ குடும்பத்தின் முன்னோர் செய்தது. டொக்குகாவா யொரிஃபுசா 1629 இல் தொடங்கினார். அவருடைய மகன் மிட்சுகுனி, சீனாவின் மிங் அரசு வீழ்ந்தபின் ஜப்பானில் அடைக்கலம் புகுந்த அறிஞர் சூ ஷுன்ஷுய் என்பவரின் ஆலோசனையோடு அதை நிறைவு செய்தார். அதை எப்படி நடப்பது என்பதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

உடுப்பும் உணவும்

மார்ச் தொடக்கத்தில் டோக்கியோவின் அதிகாலை வெப்பநிலை நான்கைந்து பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மதியத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று. நுவரெலியாக் குளிரைத் தாண்டி எதையும் அறியாத நம் உடம்புக்கு, குளக்கரைக் காற்றில் இரண்டு மணித்தியாலம் நிற்பது சாதாரண காரியமன்று. தடித்த மேலங்கி ஒன்றைவிட, உள்ளே ஒட்டிய வெப்ப உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் காற்றுப்புகா மேலங்கி என்று மூன்றாக அணிந்தால், வெயில் ஏறும்போது ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். சேலை உடுத்துப் போக விரும்பும் அம்மாமார், பாதைக் கற்களில் ஏறி இறங்கும்போது கரை தடுக்காதபடி கணுக்காலுக்குச் சற்று மேலே உடுத்துக்கொள்ள வேண்டும். செருப்பு வேண்டாம், அடி வழுக்காத சப்பாத்துத்தான். தேநீர்க்குடில்களில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாய்த்தரையில் ஏறவேண்டியிருப்பதால் எளிதில் கழற்றக்கூடியதாகவும், காலுறை தடிப்பானதாகவும் கிழிசலற்றதாகவும் இருக்கட்டும்.

பீனிசம் உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. போருக்குப் பிறகு ஜப்பான் முழுவதும் பெருமளவில் நடப்பட்ட சுகி மரங்கள் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மகரந்தத்தை உதிர்க்கின்றன. அந்த மாதங்களில் அந்நாட்டவரே தும்மலும் கண் அரிப்புமாக முகக்கவசத்தோடு திரிவார்கள். நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள், முகக்கவசமும் வைத்திருங்கள்.

பழைய தோட்டங்கள் பலவற்றுள் சாப்பாட்டுக்கு அதிகம் இடமில்லை. கண்ட இடத்தில் பொதியை அவிழ்க்கவும் முடியாது. சைவர்கள் வெளியில் சூப், நூடில்ஸ் சாப்பிடும்போது, இறைச்சி இல்லை என்று சொன்னாலும் அடிச்சாறு பெரும்பாலும் உலர்த்திய சூரை மீனிலிருந்து எடுத்ததாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முஸ்லிம் சகோதரர்கள் இனிப்பான சமையல் மது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவதும், மதியத்துக்கு முன் வெளியே வந்துவிடுவதும் இதற்கெல்லாம் எளிய வழி. குப்பைத் தொட்டிகளைக் காண்பது அரிது. உங்கள் குப்பையைப் போட ஒரு பையைக் கொண்டு போய், அதை அப்படியே தங்குமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எப்படி நடப்பது

டோக்கியோ மாநகரத் தோட்டங்கள் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும், 4.30 இற்குப் பின் உள்ளே விடமாட்டார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நுழைவுச்சீட்டு மலிவானது; 65 வயதைக் கடந்தவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு, வயதைக் காட்டக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வாயிலில் தரும் வரைபடத்தை வாங்கியதும், எங்கே என்ன இருக்கிறது என்று தேடித்தேடி ஓடுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. குளம் எங்கே, நீங்கள் நிற்பது எங்கே, எந்தப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்ற மூன்றை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுங்கள்.

இந்தத் தோட்டங்களின் அடிப்படை உத்தி, எதையும் ஒரேயடியாகக் காட்டாமல் மறைத்து மறைத்துக் காட்டுவது. நமக்கு இது புதிதன்று. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி மான்கள் மேயும் மரநிழலில் கோணேசர் மலைக்கு ஏறும்போது, கடல் பக்கத்திலேயே இருந்தும் மரமும் கட்டடமும் வளைவும் அதை ஒளித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, இராவணன் வெட்டுக்கு அருகே முழுவதுமாகத் திறந்துவிடுகிறதல்லவா? அங்கே மலையும் கடலும் தாமாகச் செய்வதை, இங்கே ஒரு தோட்டக்காரன் மண்ணாலும் மரத்தாலும் பாதையின் திருப்பத்தாலும் செய்திருக்கிறான்.

கொயிஷிகாவாவில் இதை நன்றாக உணர, சுயிதோபாஷி நிலையத்துக்கு அருகிலுள்ள கிழக்கு வாயிலால் நுழையுங்கள். அங்கே முதலில் வருவது மாளிகையோடு சேர்ந்திருந்த உள்தோட்டம். சிறிய குளம், அடக்கமான கரை. அதைக் கடந்தால் கருமரமும் செதுக்கு வேலைப்பாடும் கொண்ட சீன பாணி வாயில். போர்க்கால விமானத் தாக்குதலில் எரிந்து, 2020 இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதற்கு அப்பால் பாதை திடீரென்று ஒடுங்கி, மலைநாட்டுப் பழைய நெடுஞ்சாலை ஒன்றை நினைவூட்டும்படி மரங்களுக்கிடையே நுழைகிறது. வெளிச்சம் குறையும், பார்வை சில அடிக்கு மேல் போகாது. இங்கே வேகமாக நடக்கத் தோன்றும். அப்படி நடக்க வேண்டாம். அந்த இறுக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வெளிப்படுகிறவருக்குத்தான் எதிரே விரியும் பெரிய குளம் உண்மையில் பெரிதாகத் தெரியும்.

காலடியில் உள்ள கற்கள் உங்களுக்குச் சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். ஒழுங்கற்ற, ஒன்றிலிருந்து ஒன்று சற்றுத் தள்ளிப் பதித்த கற்களில் நடப்பவர் விழாமலிருக்கக் குனிந்து பார்த்தே நடப்பார். பார்வை தரையிலேயே இருக்கும்படி தோட்டக்காரன் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறான். பிறகு மற்றவற்றைவிட அகன்ற, தட்டையான கல் ஒன்று வரும். அதில் இரண்டு பாதமும் ஊன்றி நிற்கலாம். நின்றதும் தலை தானாக நிமிரும். அந்த இடத்திலிருந்து பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் ஒரு விளக்கோ, ஒரு வளைந்த பைன் கிளையோ, ஓர் அருவியோ எதிரே வைக்கப்பட்டிருக்கும். ஆகவே அகன்ற கல் எங்கே வந்தாலும் நில்லுங்கள், பார்த்துவிட்டு நகருங்கள். பின்னால் ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட்டு மறுபடி நிற்கலாம்.

சில இடங்களில், பாதை பிரியும் கல்லின் மேல் இரண்டு கைப்பிடியளவு உருண்டைக் கல் ஒன்று தனியே இருக்கும். கரிய நார்க்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, உச்சியில் முடிச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது அதன் பொருள். பலகையும் இல்லை, வேலியும் இல்லை. குழந்தைகூட எட்டி வைத்துக் கடந்துவிடக்கூடிய தடை. ஆனாலும் அதை மதிப்பது அங்கே எழுதாத சட்டம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பாசி படர்ந்த நிலத்தில் ஒரு பாதம்கூட வைக்கக்கூடாது. அது தானாக முளைத்த பாசியாகத் தோன்றினாலும், பல ஆண்டுகள் களை பிடுங்கிக் காத்து வளர்த்தது.

பெரிய குளத்தைச் சுற்றி வரும்போது, சீனாவின் மேற்கு ஏரியின் அணைக்கரையை நினைவுபடுத்தும் நீண்ட கற்கரையையும், கூம்பு வடிவில் குட்டை மூங்கிற்புல் போர்த்திய சிறு குன்றையும் காண்பீர்கள். செந்நிறப் பாலம் படம் பிடிப்பவர்களை இழுக்கும். என் மனத்துக்கு நெருக்கமானது கல்லால் ஆன முழுநிலாப் பாலம். அரைவட்டமான அதன் வளைவு நீரில் விழும் நிழலோடு சேர்ந்து வட்டமாகிறது. இது ஏறிக் கடப்பதற்கன்று, எதிர்க்கரையில் நின்று பார்ப்பதற்கு. காற்றில்லாத காலையில்தான் வட்டம் உடையாமல் தெரியும் என்பதால், முதல் மணித்தியாலத்திலேயே அங்கே போய்ச் சேர்வது நல்லது.

அருகில் ஒரு சிறு நெல்வயல் இருக்கிறது. பூந்தோட்டத்துக்குள் நெல்வயல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். உழவர் படும் பாட்டைத் தன் மருமகளுக்கு உணர்த்துவதற்காக மிட்சுகுனி அதை அமைத்தார் என்கிறார்கள். இன்றும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதில் நாற்று நட்டு அறுவடை செய்கிறார்கள். கந்தளாயிலும் மூதூரிலும் மாசியில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருக்கும். இங்கே அதே நேரத்தில் வயல் வெறும் சேறாக வெயிலுக்குக் காத்திருக்கும். பலரும் அதைப் பார்க்காமல் கடந்துவிடுகிறார்கள். வயல்காட்டில் வளர்ந்த நம்மவர்கள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

வயலின் பக்கத்திலேயே உமேத் தோப்பு. தூர நின்று மொத்தமாகப் பார்ப்பது சக்குராவுக்குப் பொருந்தும், உமேக்குப் பொருந்தாது. ஒரே ஒரு மரத்தைத் தெரிவு செய்து கைக்கெட்டும் தூரத்துக்குப் போங்கள். கறுத்து, வெடித்து, பாசி பூத்த பட்டையின் மேல் காம்பு என்று சொல்ல ஒன்றுமில்லாமல் பூ நேரே ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றும் நுனி வெட்டில்லாத முழு வட்டம். நடுவிலிருந்து மயிரிழையான கேசரங்கள் சிலும்பி நிற்க, ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் பொடி. சக்குராவோ நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும், இதழின் நுனியில் ஒரு சிறு வெட்டிருக்கும். இரண்டையும் பிரித்தறிய இது போதும். பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள், கிளையைப் பிடித்து வளைக்காமல். வாசனை வெள்ளைப் பூவில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். வெயில் படும் பக்கத்தில் இன்னும் நன்றாக எழும். பொறுமையாக நின்றால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட பச்சைக் குருவி தேன் குடிக்க வந்து, கிளையில் தலைகீழாகத் தொங்கும். அதன் இனத்துக் குருவிகள் நம் நாட்டிலும் உண்டு.

பைன் மரங்களின் அடிப்பகுதியில் வைக்கோற் பாய் சுற்றியிருப்பதையும் சில தோட்டங்களில் காணலாம். குளிர்காலத்தில் புழுக்கள் அதற்குள் அடைவதற்காகக் கட்டி, மார்ச் 5, 6 ஆம் நாட்களை ஒட்டி அவிழ்த்துவிடுவது பழைய வழக்கம். அந்த வேலை நடக்கும் நாளில் போக நேர்ந்தால், ஓரமாக நின்று பார்க்கலாம். தோட்டக்காரர்கள் மறுப்புச் சொல்வதில்லை.

முதற்சுற்று முடிந்தபின், நேரமிருந்தால் அதே பாதையை எதிர்த்திசையில் பாதியளவாவது நடந்து பாருங்கள். முன்பு மறைந்திருந்த பக்கம் இப்போது முன்னால் வரும். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: டோக்கியோ டோம் விளையாட்டரங்கின் வெண்கூரை இந்தத் தோட்டத்து மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும், பக்கத்துக் கேளிக்கைப் பூங்காவின் கூச்சலும் சில வேளை கேட்கும். அதனால் மனம் சலிக்க வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு நடுவே நானூறு ஆண்டுகளாக ஒரு குளத்தையும் கரையையும் காத்து வைத்திருக்கிறார்கள் என்பதே பெரிய காரியம்.

புகைப்படம் எடுக்கத் தடையில்லை. முக்காலியும் ட்ரோனும் பெரும்பாலான இடங்களில் கூடாது. கையடக்கத் தொலைபேசியில் வீட்டாரோடு வீடியோவில் சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பது அங்கே மிகவும் அநாகரிகமாகக் கருதப்படும். படத்தை எடுத்துக்கொண்டு மாலையில் பேசலாம்.

மழை பெய்தால் திட்டத்தைக் கைவிடாதீர்கள். நனைந்த கல்லின் நிறமும் பாசியின் பச்சையும் வெயிலில் பார்க்கக் கிடைக்காதவை, ஆளும் இருக்காது. ஆனால் முதியவர்களை அன்று படிக்கற்களில் ஏற்ற வேண்டாம். அகன்ற சரளைப் பாதையிலேயே நடத்திக் கூட்டிப் போங்கள்.

தேநீர்க்குடில்

பல தோட்டங்களில் குளத்தைப் பார்த்தபடி ஒரு குடில் இருக்கும், அங்கே அரைத்த பச்சைத் தேயிலையைச் சுடுநீரில் நுரை பொங்க அடித்த மச்சாவும் ஓர் இனிப்பும் தருவார்கள். நம் பிளேன்டீயை எதிர்பார்த்து வாயில் வைக்க வேண்டாம். பால் இல்லை, சீனி இல்லை, நல்ல கசப்பு. அதனால்தான் இனிப்பை முதலில் முழுவதுமாகச் சாப்பிட்டு, அந்தச் சுவை நாவில் இருக்கும்போதே தேநீரைக் குடிக்கிறார்கள். இனிப்பு பெரும்பாலும் அசூக்கி என்னும் சிவப்புப் பயற்றை அவித்து மசித்துச் சீனி சேர்த்துச் செய்தது. சைவர்கள் தயங்காமல் உண்ணக்கூடியது, ஐயமிருந்தால் கேட்டுக்கொள்ளலாம். கிண்ணத்தை வலக்கையால் எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, அதன் அழகான முகப்பில் வாய் படாதபடி சற்றே திருப்பி, சில மிடறுகளில் குடித்து முடிக்க வேண்டும். முறை தெரியவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. வெளிநாட்டவரிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மண்டியிட வேண்டாம், வாங்கு கேட்டால் காட்டுவார்கள்.

நடக்கச் சிரமப்படும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கொயிஷிகாவாவின் மேடுபள்ளத்தைவிட ஹமாரிக்யூ தோட்டம் ஏற்றது. சிம்பாஷி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், தரை சமமானது. அதன் குளத்தில் இருப்பது கடல்நீர். டோக்கியோ விரிகுடாவின் ஏற்ற இறக்கம் நம் துறைமுகத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நீரை மதகு திறந்து உள்ளே விட்டு, மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் கரையின் தோற்றத்தையே மாற்றுகிறார்கள். கடலோரத்தில் வாழும் நம்மவர்கள் மதகருகே போய், நீர் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மார்ச்சில் ஒரு பெரிய வயல் முழுவதும் கடுகினத்து மஞ்சள் பூ பூத்திருக்க, பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் உயர்ந்து நிற்கும். குளத்தின் நடுவிலுள்ள தேநீர்க்குடிலுக்கு மரப்பாலத்தில் நடந்து போகலாம். வெளியேற வாயிலுக்குத் திரும்ப வேண்டிய அவசியமில்லை; தோட்டத்துக்குள்ளேயே உள்ள படகுத்துறையிலிருந்து சுமிதா ஆற்று வழியாக டோக்கியோவின் அசகுசா பகுதிக்குப் படகு போகிறது. அதற்குச் சீட்டுத் தனி, கடைசிப் படகு எப்போது என்பதை உள்ளே நுழைந்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.